அடைப்பு இல்லாத நெஞ்சுக்கு வெட்டிய கிடா

“ஒண்ணுமில்ல” என்று யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வாயில் எச்சில் ஊறும். ஆசைக்கு ஊறுகிற எச்சில் வேறு. இது வாந்திக்கு முன்னால் ஊறுவது. டாக்டர் சொல்லி, வீட்டுக்காரர் சொல்லி, சொந்தபந்தம் சொல்லி, கடைசியில் எனக்கு நானே சொல்லி, ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு கிடந்தேன்.

எங்களுக்கு ஓடைப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். பந்தல் வேலை என்றால் கை இரண்டும் தலைக்கு மேலேதான். பழைய கிளையைக் கழித்துக் கவாத்து வெட்டுவது, கொடியை இழுத்துக் கம்பியில் கட்டுவது, பிஞ்சு நெருக்கமாக இருந்தால் கிள்ளி விடுவது, எல்லாம் அண்ணாந்தபடி. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தீட்டு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் கனத்தது. குத்தவில்லை, சுருக்கென்றும் இல்லை. நனைந்த சாக்கை நெஞ்சில் போட்டு அதன் மேல் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்ட மாதிரி. கனம் தொண்டைக்கு ஏறி இடது தாடையில் போய் நின்றது. வேலையை விட்டு உட்கார்ந்த பிறகும் உடனே போகவில்லை. ஒரு பானை சோறு வேகிற நேரம் இருந்துவிட்டு, தானாக இறங்கியது.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். முழுப்பரீட்சை அன்று கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் மயங்கி விழுந்தேன். மறுவருடமும் அதே மாதிரி விழுந்தேன். “இதுக்குப் படிப்பு ஒத்துக்கல” என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் என்னோடு ஒட்டிக்கொண்டது. அது பொய்யும் இல்லை. இடி இடித்தால் பந்தல் கம்பியில் இறங்குமோ என்று பயம். பஸ் வளைவில் சாய்ந்தால் பயம். வீட்டுக்காரர் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு வர நேரமானால் பயம். அதனால் நெஞ்சு வலிக்கிறது என்று நான் முதல் தடவை சொன்னபோது யாரும் நெஞ்சைப் பார்க்கவில்லை. என் பெயரைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்காரரின் அக்கா எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்கு உலகத்தில் உள்ள நோய் எல்லாமே வாயு.

“வாயுதான் ஆத்தா. மேல ஏறி நெஞ்சுல நிக்குது. ஒரு ஏப்பம் விட்டுப் பாரு.”

“வரல மதினி.”

“வரவழைக்கணும். சும்மா உக்காந்திருந்தா வாரதுக்கு அதென்ன விருந்தாளியா?”

பத்துப் பல் பூண்டைப் பாலில் வேகவைத்து, பெருங்காயத்தைப் பொரித்துப் போட்டு மசித்து எடுத்து வருவார். பால் திரிந்து மேலே கட்டி கட்டியாக மிதக்கும். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் முன்னால் நின்றுகொண்டு, எப்படி ஏப்பம் விடவேண்டும் என்று தானே விட்டுக் காட்டுவார். அவர் மதியம் தின்ற கருவாட்டுக் குழம்பு என் முகத்தில் அடிக்கும். இப்படி ஒரு மாதம். என் வியர்வை, மூச்சு, தலையணை உறை எல்லாம் பூண்டு. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலி மட்டும் எந்த வாடைக்கும் அசையாமல் தன் பாட்டுக்கு வந்து போனது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் வரும். யாராவது சத்தம் போட்டால் வரும். சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும்.

கடைசியில் வீட்டுக்காரர் என்னைத் தேனிக்குக் கூட்டிப் போனார். அங்கே டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் மாறுதல் தெரிகிறது, மதுரையில் ஆஞ்சியோ பார்த்துவிடுங்கள் என்றார். அன்றைக்குத்தான் அடைப்பு என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சொல். இன்னாருக்கு மூணு அடைப்பாம், இன்னாருக்கு நாலாம் என்று ஏக்கர் சொல்கிற மாதிரி டீக்கடையில் சொல்வார்கள். அடைப்பு இருந்தால் நோயாளி, இல்லாவிட்டால் ஆள் நல்ல ஆள். நடுவில் வேறு எதுவும் யாருக்கும் தெரியாது.

மதுரைக்குப் புறப்பட்ட காலையில் வீட்டுக்காரர் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து கையில் வைத்துக்கொண்டு, குலசாமி கோயில் இருக்கும் கரட்டுக் குன்றுப் பக்கம் பார்த்து நின்றார்.

“அப்பனே, இவளுக்கு அடைப்பு இருக்கக் கூடாது. அடைப்பு இல்லன்னு வந்துட்டா உனக்குக் கெடா வெட்டுறேன்.”

மதினியும் நானும் பின்னால் நின்று கேட்டோம். எனக்காக அவர் அப்படி நின்றதில் கண்ணில் நீர் வந்தது. அதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

மதுரையில் தொடை இடுக்கு வழியாக ஒயரை விட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் காலை மடக்கக் கூடாது என்று மல்லாக்கப் போட்டு வைத்திருந்தார்கள். மேலே போட்டிருந்த பச்சை அங்கி பாதி உடம்பைத்தான் மறைத்தது. டாக்டர் கால்மாட்டில் வந்து நின்றார்.

“குழாய் எல்லாம் சுத்தமா இருக்கும்மா. ஒரு அடைப்பும் இல்ல. ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க.”

“அப்ப வலிக்குதே சார்?”

“நிறைய யோசிப்பீங்களோ?”

நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர், “எந்நேரமும் அதே வேலைதான் சார்” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கியை இழுத்து மூடக்கூடத் தெம்பில்லாமல் கிடப்பவளை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்த அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பயத்துக்கு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். வாயோரம் எச்சில் வடிந்து ரவிக்கையில் காய்ந்திருக்கும். எழுந்து பார்த்தால் ஈ.

கிடா வெட்டு அடுத்த மாதம் வைத்தார்கள். கோம்பையிலிருந்தும் கெங்குவார்பட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். ரோட்டிலிருந்து கோயிலுக்குக் கரட்டோரமாக மேடு ஏற வேண்டும். நேர்த்திக்கடன் என் பெயரில் என்பதால் பொங்கலுக்கான அரிசிப் பெட்டியை நான்தான் தலையில் சுமக்க வேண்டும் என்றார்கள். பாதி மேட்டில் சாக்கு வந்து நெஞ்சில் விழுந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பின்னால் வந்த மதினி நின்றார்.

“என்ன, உக்காந்துட்ட?”

“வலிக்குது மதினி.”

யாருக்காவது கேட்டுவிட்டதா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“ஏத்தா, வாயக் கழுவு. அங்கன கெடாவுக்கு மால போட்டாச்சு. இம்புட்டுச் சனம் வந்திருக்காக. இப்பப் போயி வலிக்குதுங்குற. அப்பச் சாமி பொய்யா? எந்தம்பி பொய்யா?”

அதுவரை என் வலி வெறும் வாயுவாக இருந்தது, பயமாக இருந்தது. அன்றைக்கு அது சாமி குத்தம் ஆகிவிட்டது. வலிக்கிறது என்று சொன்னால் குலசாமி ஏமாற்றிவிட்டது என்று ஆகும். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

கிடா மேல் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பியது. சாமி ஏற்றுக்கொண்டது என்று குலவை போட்டார்கள். நனைந்தால் எந்த ஆடும் சிலுப்பத்தானே செய்யும்? இப்படியெல்லாம் எனக்கு அதற்கு முன் தோன்றியதே கிடையாது. அன்றைக்குத் தோன்றியது, தோன்றியதற்காகப் பயமாகவும் இருந்தது. பந்தியில் கொழுப்பு இலை விளிம்பில் உறைந்து வெள்ளையாகப் படிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த கோம்பைக்காரர், வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், எலும்பை உறிஞ்சிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்.

“ஏத்தா, உன் நெஞ்சு வலிய எல்லாம் அந்தக் கெடா வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. பாவம், அதுக்குத்தான் அட்டாக்கு!”

பந்தியே சிரித்தது. அவர் வாயிலிருந்து தெறித்த சோறு என் இலையில் வந்து விழுந்தது. அதைத் தள்ளுவதற்குள் மதினி வந்து, ஒரு பிடி அளவில் கறுத்த உருண்டை ஒன்றை அதன் மேலேயே வைத்தார்.

“கெடாவோட நெஞ்சு. உனக்குன்னே எடுத்து வச்சேன். நெஞ்சுக்கு நெஞ்சு. முழுசாத் தின்னு.”

மேலே விரல் நுழைகிற அளவுக்கு இரண்டு மூன்று குழாய் வாய்கள் திறந்திருந்தன. மற்றபடி வழவழவென்ற சதை. கடித்தால் ரப்பர் போலப் பல்லில் வழுக்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் பாதியைத் தின்றேன். பிறகு பாறைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். கோம்பை வேனில் வந்த செவலை நாய் ஒன்று என் பின்னாலேயே வந்து, நான் துடைத்து நிமிர்வதற்குள் அதை நக்க ஆரம்பித்துவிட்டது.

அதன் பிறகு வலியை நான் மறைத்தேன். கிட்டத்தட்ட ஒரு வருடம். பந்தலுக்குள் வலி வந்தால் கீழே குனிந்து எதையாவது தேடுகிற மாதிரி உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் வீட்டுக்காரர் பக்கத்து வரிசையிலிருந்து கேட்டார்.

“அங்கன என்ன தேடுற?”

“கத்தரி விழுந்துருச்சு.”

“கத்தரி கையிலதான இருக்கு.”

பார்த்தேன். இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டுவதையும் தாடையைப் பிடித்திருப்பதையும் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியை இழுத்துக் கட்டத் தொடங்கினார். தெரியாமல் இருந்தவரை மன்னிக்கலாம். தெரிந்தும் திரும்பிக்கொண்ட அந்தக் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அவர் என்ன செய்வார், சாமியிடம் சொல்லி வாங்கிய நல்ல சேதியை எப்படித் திருப்பிக் கொடுப்பார் என்று நானே அவருக்காக வாதாடவும் செய்தேன். என் மேலும் எனக்கு அருவருப்புத்தான். பரீட்சைக்கு மயங்கி விழுந்தவள்தானே, இதுவும் அந்த மயக்கம்தானோ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். வலிக்கிற நேரத்தில் கூட, இது வலியா அல்லது வலி என்ற நினைப்பா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு உண்டா?

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மார்கழியில் தேனிக்குப் போனோம். வேறு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அறை மாடியில். படி ஏறிப் போய் முன்னால் உட்கார்ந்தேன். பேச்சு வரவில்லை.

“பேசாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க” என்றார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க வலிக்குது?” என்றார்.

“எங்கயும் இல்ல.”

“அப்பக் கைய எதுக்கு நெஞ்சுல வச்சிருக்கீங்க?”

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “வாயு டாக்டர். அடைப்பு ஒண்ணும் இல்லன்னு மதுரையிலயே பாத்துச் சொல்லிட்டாக. கெடாவே வெட்டியாச்சு.”

“அப்படியா? கறி நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு டாக்டர்.”

“சந்தோசம். இனி நான் கேக்குற கேள்விக்கு அவங்க பதில் சொல்லட்டும்.”

என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் அவரை அப்படி நிறுத்தியது அன்றைக்குத்தான். எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம், குளிரில் கூடுகிறதா, கோபம் வந்தால் கூடுகிறதா, தீட்டு எப்போது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். நான் சொன்னதை ஒரு டாக்டர் எழுதிக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

சர்க்கரை கொஞ்சம், பிரஷர் கொஞ்சம் இருந்தது. அடுத்த வாரம் ஓடுகிற பெல்ட் மேல் நடக்க வைத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டியிருந்தது. வேகம் கூடியதும் சாக்கு விழுந்தது. இந்தத் தடவை மறைக்காமல் “வலிக்குது” என்று கத்தினேன். நிறுத்தினார்கள். டாக்டரம்மா நீளமான காகிதத்தை மேசையில் விரித்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இங்கன பாருங்க. இந்தக் கோடு கீழ இறங்குது. அவங்க வலிக்குதுன்னு கத்துனதும் இதே நேரம்தான். கோட்டுக்குப் பயப்படத் தெரியுமா?”

அவர் குனிந்து பார்த்தார். “அப்ப மதுரையில பொய் சொன்னாகளா?”

“பொய் இல்ல. ஆஞ்சியோவுல பெரிய குழாய்தான் தெரியும். அது சுத்தமாத்தான் இருக்கு. அதுலருந்து பிரிஞ்சு பிரிஞ்சு நெஞ்சுச் சதைக்குள்ள போற குழாய் மயிரிழையவிடப் பொடிசு. அது அந்தப் படத்துல தெரியாது. மேடு ஏறுனா நெஞ்சுக்கு ரத்தம் கூட வேணும். அதுக்கு அந்தப் பொடிக் குழாய் எல்லாம் விரிஞ்சு குடுக்கணும். இவங்களுக்குச் சரியா விரிய மாட்டேங்குது. சில நேரம் இறுக்கியும் புடிக்குது. தீட்டு நின்ன பொம்பளைங்களுக்கு நெறைய வாரது இது.”

வீட்டுக்காரர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த குழாய் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய். உப்பு படிந்து சொட்டு விழாமல் போனால் ஆசிட் கலந்து ஓடவிட்டுக் கழுவுவோம்.

“எங்க தோட்டத்துல சின்னக் குழாய் அடைச்சா ஆசிட் விடுவோம் டாக்டர். அது மாதிரி எதுனாச்சும்...”

“உங்க வீட்டம்மா நெஞ்சுல ஆசிட் விடச் சொல்றீங்களா?”

“இல்ல டாக்டர், கழுவுறதுக்கு...”

“கழுவ அதுல அழுக்கு இல்ல. குழாய்க்கு விரியத் தெரியல. அம்புட்டுத்தான். மாத்திரை குடுத்து விரிய வைக்கலாம். முழுசாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம்.”

நான் அதுவரை கேட்க நினைத்ததைக் கேட்டேன். “எனக்குப் பயம் ஜாஸ்தி டாக்டர். அதனால வந்ததா?”

“பயத்தால வலி கூடும். ஆனா பயந்த ஆளுக்கு நெஞ்சுல நோய் வரக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிகிற ஒன்றை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்ற கோபம்.

மாத்திரைகள் கொடுத்தார். நெஞ்சுத் துடிப்பை நிதானப்படுத்த ஒன்று, குழாயைத் தளர்த்த ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தனி. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு பொடி மாத்திரை. அதை வைத்தால் மண்டை பிளக்கும். பெரிய குழாய் அடைத்தவர்களுக்குச் சட்டென்று கேட்கிற அது, எனக்குச் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. உட்கார்ந்து மாத்திரை வைத்தும் வலி அடங்காவிட்டால் வழக்கமானதுதான் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றார். ஒரு மாத்திரையில் கால் வீங்கி வெள்ளரிக்காய் மாதிரி ஆனது. மாற்றினார்கள். இன்னொன்றில் நாள் முழுக்கச் சோர்வு. அளவைக் குறைத்தார்கள். சரியான கூட்டு அமைய ஐந்தாறு மாதம் ஆனது. தினமும் சமதரையில் நடக்கச் சொன்னார்கள், முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கூட்டி. மார்கழிக் காலையில் பனி இறங்கும்போது வெளியே போகக் கூடாது. கை தூக்கிச் செய்கிற வேலையை விட்டு விட்டுச் செய்ய வேண்டும். எண்ணெயும் உப்பும் குறைய வேண்டும். வலி வருகிற நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் பேனாவைத் தொட்டது அப்போதுதான். எழுத ஆரம்பித்த பிறகு ஒன்று தெரிந்தது. மதினி வந்து போன நாள்களில் எல்லாம் வலி இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது நோய் இன்னதென்று தெரிந்த நாள் பஸ்ஸைப் பற்றி. பெல்ட்டில் நடந்துவிட்டுத் திரும்புகிறோம். பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப வெட்டுன கெடா?”

என் நெஞ்சைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஆனால் இந்த ஆளை இப்போது விட்டால் வீட்டுக்குப் போய் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த கவாத்துக்கு மறுபடி பந்தலுக்குள் அண்ணாந்து நிற்பேன், மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குவேன், ஒரு நாள் குனிந்த இடத்திலேயே கிடப்பேன்.

“நீங்க சாமிகிட்ட என்ன கேட்டீக?” என்றேன்.

“உனக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு.”

“இல்ல. அடைப்பு இருக்கக் கூடாதுன்னு கேட்டீக. நான் பின்னாலதான நின்னேன். சாமி அடைப்பு இல்லாமக் குடுத்துருச்சு. கேட்டதக் குடுத்துச்சு, வாங்க வேண்டியத வாங்கிக்கிருச்சு. வலி இருக்கக் கூடாதுன்னு நீங்க கேக்கவே இல்ல.”

பஸ் சின்னமனூருக்குள் நுழைகிறபோது, “ஆமால்ல” என்றார். அவர் முகம் தெளிந்தது. சாமியும் தப்பித்தது, அவரும் தப்பித்தார். பெல்ட் மேல் நான் நடந்து காட்டியதும், காகிதத்தில் கோடு இறங்கியதும் அவருக்குப் போதவில்லை. இந்த வக்கீல் பேச்சுத்தான் போதுமானதாக இருந்தது. சீ என்று வந்தது. ஆனால் சொன்னது நான்தான்.

மறுநாள் மதினி விசாரிக்க வந்தார். வீட்டுக்காரர் பெரிய குழாய், சின்னக் குழாய் எல்லாம் விளக்கினார். மதினி மோவாயைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்பச் சின்னக் குழாய்க்கும் ஒண்ணு நேந்துக்கலாம்ல தம்பி?”

“சின்னக் குழாய்க்குக் கெடா எதுக்குக்கா, கோழி போதும்” என்றார் இவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“எனக்காக இனி யாரும் எதையும் அறுக்க வேணாம்” என்றேன். “மேக்குப் பக்கத்துப் பந்தலுக்குக் கவாத்து வெட்ட ஆள் விடுங்க. ஏன் ஆள் விட்டீகன்னு கேட்டா, என்னன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. அது போதும்.”

மதினி எழுந்துவிட்டார். “பேச்சப் பாரு. கெடா நெஞ்சத் தின்ன தெம்பு” என்று வாசலில் போய்ச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் விட்டார். அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் எல்லாம் “அவளுக்குத் தோள்பட்ட வலி” என்றே சொன்னார். டீக்கடையில் சொன்னார், மருந்துக்கடையில் சொன்னார். நான் கூட நிற்கும்போதே சொன்னார். கறி தின்றவர்கள் அத்தனை பேர் முகத்திலும் முழிக்க வேண்டுமே. அந்தத் தோள்பட்டை வலியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். நோட்டில் அதையும் எழுதினேன்.

அடுத்த வைகாசியில் கோம்பையில் ஒரு கல்யாணம். பந்தியில் நானும் வீட்டுக்காரரும் ஒரே வரிசை. எதிர் வரிசையில் கிடா வெட்டுக்கு வந்த அதே பெரியப்பா மகன். வடையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, நான் கைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுப்பதைப் பார்த்துவிட்டார்.

“என்னத்தா, பயத்துக்கு இன்னும் மாத்திரை திங்கிறியா? ஏலே தம்பி, இன்னொரு கெடா எப்ப? எங்களுக்கும் கறி தின்னு நாளாச்சு!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவில்லை. தோள்பட்டை வலிதான் வரும் என்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். பிசையவில்லை.

“பயத்துக்கு இல்லண்ணே,” என்றார். “அவளுக்கு நெஞ்சுல நோய் இருக்கு. நெசமான நோய். பெரிய குழாயில இல்ல, பொடிக் குழாயில. ஓட விட்டுப் பாத்துச் சொன்னாக. நானே பாத்தேன்.”

“அப்ப அன்னிக்கு நாங்க தின்ன கறி?”

“அது அடைப்பு இல்லாததுக்கு. செரிச்சிருச்சுல்ல? விடுங்க.”

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் “இருந்தா இருக்கட்டும், பாத்துக்கங்க ஆத்தா” என்றார். கோம்பைக்காரர் வடையை விழுங்கிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். மனசு குளிர்ந்ததா என்று கேட்டால் இல்லை. அந்த ஒரு வரிக்கு இந்த மனிதருக்கு இத்தனை மாதம் ஆனது. அதையும் பக்கத்தில் இருக்கிற என்னைப் பார்த்துச் சொல்லாமல், தின்கிறவனைப் பார்த்துத்தான் சொன்னார். இருந்தாலும் சொல்லிவிட்டார். இனி யார் முன்னாலும் குனிந்து கத்தரியைத் தேட வேண்டியதில்லை.

மாத்திரையைப் பிரித்து எல்லாரும் பார்க்க வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். சாம்பார் வாளியோடு ஒருவர் வந்து குனிந்தார்.

“கொஞ்சமா ஊத்துங்க,” என்றேன். “ஊறுகாய் வேணாம், எடுத்துருங்க. எனக்கு உப்பு ஆகாது.”

எதிர் வரிசைக்குக் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன்.